தவிர்ப்பது நல்லது

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல், கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நாங்கள் கூடுவோம். நாங்கள் என்றால், கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தொழிற்சாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் ஆட்களை வேலைக்கு எடுப்பவர்கள், வேலையிலிருந்து அனுப்புபவர்கள். மனிதவளத் துறையினர் சங்கத்தின் கண்டிக் கிளை. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். வாக்குவாதம் வந்தால் சிங்களத்துக்கு மாறும். தேநீர் வேளையில் மட்டும் நாங்கள் மூன்று பேர் ஜன்னலோரம் ஒதுங்கித் தமிழில் பேசிக்கொள்வோம்.

ஒருவர் தலைவர். தேயிலை ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் ஆள் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்ற முஸ்லிம் பெரியவர். என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். இன்னொருவர் செயலாளர். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறாதவர். மூன்றாவது ஆள் நான். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தெல்தெனிய வீதியிலிருக்கும் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மனிதவள முகாமையாளராக வந்து சேர்ந்தவள். கிளையின் உறுப்பினர் பட்டியலில் தோட்டத்திலிருந்து வந்த பெயர் என்னுடையது ஒன்றுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஞாபகம் இருக்கும்.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. கூட்ட அறிவித்தல், தொழிற்சட்டத்தில் வந்த மாற்றங்கள், பயிற்சி வகுப்பு விளம்பரம் எல்லாம் அதில் வரும். இவற்றுக்கு நடுவே வேறொன்றும் வரும். யாராவது ஒருவர் ஒரு விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, "இவர் உங்களிடம் வேலை பார்த்தவராமே, எப்படி?" என்று கேட்பார். சம்பந்தப்பட்டவர் நல்ல ஆள் என்றோ, யோசித்து எடுங்கள் என்றோ இரண்டு சொல் எழுதுவார். கேட்டவர் நன்றி சொல்லுவார். இதற்கு நாங்கள் எந்தப் பெயரும் வைத்திருக்கவில்லை. ஒருவருக்கொருவர் செய்கிற உதவி என்றுதான் நினைத்திருந்தோம்.

நான் சொல்ல வந்தது, நான் எழுதிய இரண்டு சொற்களைப் பற்றி.

அவள் எங்கள் தொழிற்சாலையில் ஆட்களின் வரவு பதியும் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தாள். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டம் அவளுக்கு ஊர். உயர்தரம் முடித்து, கம்பளையில் கணினி படித்து, கட்டுகஸ்தோட்டையில் இன்னும் நான்கு பெண்களோடு ஒரு போடிங்கில் தங்கி வேலைக்கு வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். காலையில் பெண்கள் வரிசையாக வந்து இயந்திரத்தில் விரல் வைப்பார்கள். தையல் ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்த விரலை இயந்திரம் சில நேரம் ஏற்றுக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்களின் வரவைக் கையால் பதிவது அவள் வேலை. என் அறைக் கதவு கண்ணாடி. அவள் கையால் தட்டமாட்டாள். நகத்தால் இரண்டு முறை தட்டிவிட்டு நிற்பாள். நான் தலையசைத்த பிறகுதான் உள்ளே வருவாள்.

வெளிநாட்டுக் கொள்வனவாளரின் பரிசோதகர்கள் வந்திருந்த ஒரு நாள் அது நடந்தது. வரவுப் பதிவின்படி ஒரு தையல் வரிசையில் ஒருவர்கூடக் குறையவில்லை. பரிசோதகர்களில் ஒரு பெண்மணி பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மூன்று பெயர்களுக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. அந்த மூன்று பெண்களும் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு வரவு கையால் பதியப்பட்டிருந்தது.

பின்னேரத்துக்குள் பதில் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன்.

"உற்பத்தி முகாமையாளர்தான் போடச் சொன்னாரு மிஸ். பரிசோதகருங்க வர்ற நாளு, வரிச நெறஞ்சு இருக்கணும்னாரு."

"எழுத்துல குடுத்தாரா?"

"இல்ல மிஸ். வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு."

"அவரு சொன்னது வேற யார் காதுலயாவது விழுந்துச்சா?"

அவள் சற்று யோசித்தாள். "இல்ல மிஸ்."

உற்பத்தி முகாமையாளரைக் கேட்டேன். பத்து வருடம் அங்கே இருந்தவர். தனக்கு எதுவும் தெரியாது என்றார். அந்த மூன்று பெண்களில் ஒருத்தி அவளோடு ஒரே போடிங்கில் இருப்பவள், சிநேகிதிக்காகச் செய்திருப்பாள் என்றும் சொன்னார். அது உண்மைதான், ஒரே போடிங்தான். விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பிழை அவளுடையது என்று முடிவாயிற்று.

அன்று மாலை நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். இந்த இடத்தை நான் பலமுறை எனக்குள்ளேயே வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நடந்தது இப்படித்தான்.

"விசாரணை அறிக்கை ஃபைல்ல போச்சுன்னா அது எப்பவும் இருக்கும். நீங்களா விலகிக்கிறதா ஒரு கடிதம் குடுத்தா நான் அறிக்கையப் போடமாட்டேன். சேவைக் கடிதமும் சுத்தமாத் தருவேன்."

"நெசமாவே யாருக்கும் தெரிய வராதா மிஸ்?"

"வராது. நான் சொல்றேன்ல."

என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். எழுத்து வரிசை தவறாமல் இருந்தது. கடைசியில் தலை நிமிர்ந்து, "உண்மையுள்ளன்னு போட்டுக் கையெழுத்து வைக்கவா மிஸ்?" என்று கேட்டாள்.

"போடுங்க," என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். காலையில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பேராதனைப் பாலத்தில் வாகனங்கள் தேங்கி நின்றன. குழுவில் ஒரு செய்தி வந்தது. பெரிய ஹோட்டலொன்றின் மனிதவளத் தலைவி அவளுடைய விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் போட்டிருந்தார். அவள் படம், பெயர், புசல்லாவை முகவரி எல்லாம் இருந்தன. கீழே என் பெயரைக் குறிப்பிட்டு, எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்.

அந்த மாதம்தான் செயற்குழுவுக்கு என் பெயரை முன்மொழிந்திருந்தார்கள். முன்மொழிந்ததே அந்த ஹோட்டல் பெண்மணிதான். எடுக்கலாம் என்று எழுதினால், நாளை அந்தப் பரிசோதனைக் கதை வெளியே வந்தால், தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை காப்பாற்றிவிட்டது என்று பேசமாட்டார்களா? இதையெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் எழுதி முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால், தவிர்ப்பது நல்லது. அவ்வளவுதான்.

மூன்று பேர் பெருவிரல் காட்டினார்கள். ஹோட்டல் பெண்மணி நன்றி சொன்னார். அடுத்து செயலாளர் அந்த மாதத்துக் கூட்ட அறிவித்தலைப் போட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அன்று வேலை அதிகமாக இருந்தது. மத்தியானத்துக்குள் மறந்தும் போனேன்.

நான்கு மாதம் கழித்து அவள் வந்தாள். வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டுச் சொன்னார். வரச் சொன்னேன். கண்ணாடியில் நகம் இரண்டு முறை தட்டியது.

மெலிந்திருந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். பிளேன்டீ கொண்டுவரச் சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை.

"நேர்முகப் பரீட்சை எல்லாம் நல்லாத்தான் போகுது மிஸ். திங்கக்கெழம வேலைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்புறாங்க. ரெண்டு நாள்ல ஃபோன்ல கோல் எடுத்து வேணாங்கிறாங்க. ஏழு எடத்துல இப்பிடி ஆயிருச்சு."

"இப்ப எல்லா எடத்திலயும் ஆள் குறைக்கிறாங்க. காலம் அப்பிடி," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மெதுவாக, "நீங்க யாருகிட்டயாவது ஏதும் சொன்னீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். "நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவள் பார்வையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆட்களின் முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுவதற்கு எங்களுக்குப் பயிற்சி இருக்கிறது. "சரி மிஸ். வாறேன்," என்று எழுந்தாள். கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்துதான் அது ஆரம்பித்தது. குழுவில் எழுதிய அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இல்லை என்று சொன்ன பிறகுதான் ஆயிற்று.

முதலில் கதவு. வேலை செய்துகொண்டிருக்கும்போது கண்ணாடியில் நகம் தட்டும். தலையைத் தூக்கி அசைத்துவிடுவேன். வெளியே யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்து மேசைப் பிள்ளைகள், மிஸ் யாருக்குத் தலையாட்டுகிறார் என்று தங்களுக்குள் பார்த்துக்கொள்வது தெரியும். கதவை எடுத்துவிட்டுத் திரை போட்டேன். அதற்குப் பிறகு மேசைக்கு எதிரே இருந்த கதிரை. யார் அதில் உட்கார்ந்து பேசினாலும், பேச்சின் நடுவே அவர்கள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார்கள் என்று காத்திருப்பேன். லீவு கேட்க வந்தவர்களைக்கூட, கேட்டு முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

வெளியிலும் அவளைப் பார்த்தேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ் நிற்கிற இடத்தில் ஒருமுறை. தலதா வீதியில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் ஒருமுறை. சந்தைக்குள் அவள் நடையோடு போன ஒரு பெண்ணின் பின்னாலேயே மரக்கறிக் கடைகளைத் தாண்டி மீன் கடைகள் வரைக்கும் போனேன். அவள் திரும்பியபோது வேறு யாரோ. "என்ன வேணும்?" என்று சிங்களத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

செயற்குழுவுக்கு நான் தெரிவாகியிருந்தேன். கைதட்டினார்கள்.

இரண்டு வருடம் போயிற்று. அவளுடைய இடத்துக்கு வந்த புதிய பிள்ளை ஒரு நாள் அழுதுகொண்டே என் அறைக்கு வந்து, கைபேசியை மேசையில் வைத்தது. அதில் உற்பத்தி முகாமையாளரின் குரல் பதிவாகியிருந்தது. நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், வரிசை நிறைந்திருக்க வேண்டும், இல்லாதவர்களுக்கும் போட்டுவிடு, எப்போதும் இப்படித்தான் செய்வோம் என்று அந்தக் குரல் சொல்லியது. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, பதிந்து வைத்துக்கொண்டாள். முன்னவள் அப்படிச் செய்யவில்லை. என்னிடம் சொன்னால் நான் நம்புவேன் என்று நினைத்திருந்தாள்.

நான் அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். எப்போதும் என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன்.

மேலிடத்துக்கு எழுதினேன். பழைய விசாரணை பிழை என்றும் எழுதினேன். அவர்கள் அந்த உற்பத்தி முகாமையாளரிடம் விலகல் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். அவருக்குப் பிரியாவிடை வைத்துக் கேக் வெட்டினார்கள். நானும் நின்றேன்.

அந்த வருடம் சங்கத்தின் தலைமையகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு ஒழுக்கக் கோவை அனுப்பியிருந்தது. உறுப்பினர்கள் எழுந்து நின்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வாசிப்பதற்கு என்னைக் கேட்டார்கள், என் ஆங்கில உச்சரிப்பு தெளிவாக இருக்கும் என்று. மண்டபம் நிறைந்திருந்தது. வாசித்துக்கொண்டே போனேன். தொழிலில் அறிய வரும் ஒருவரின் தனிப்பட்ட விபரத்தை வெளியிடமாட்டேன் என்ற வரி வந்தது. அதை வாசித்து முடித்து, எல்லோரும் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தேன். முன்வரிசையில் அந்த ஹோட்டல் பெண்மணி தெளிவான குரலில் திருப்பிச் சொன்னார். அடுத்த வரி என் கண்ணுக்குத் தெரிந்தது, வாயில் வரவில்லை. தலைவர் எழுந்து வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டி, மீதியைத் தானே வாசித்தார்.

தேநீர் வேளையில் செயலாளர் என்னை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனார். "என்ன, சுகமில்லையே?" என்று கேட்டார்.

அவரிடம் முழுவதையும் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவர் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கீழே வாவியைச் சுற்றி வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

"நானும் எழுதியிருக்கிறன்," என்றார் கடைசியில். "ரெண்டு மூண்டு பேரைப் பற்றி. இப்ப நீங்கள் சொல்லேக்கை யோசிச்சுப் பாக்கிறன், அவையளின்ர முகம்கூட எனக்கு ஞாபகம் வரேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

பிறகு, "என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார்.

"அவளத் தேடிப் போகணும்," என்றேன்.

அவளுடைய பழைய தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. ஃபைலில் இருந்த முகவரியை எழுதிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புசல்லாவைக்குப் போனேன். பிரதான வீதியில் இறங்கித் தோட்டத்து வீதியில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கதவைத் திறந்தவள் அவளுடைய தங்கச்சி. அதே நெற்றி. அவள் என்றே நினைத்து ஒரு படி பின்னால் நகர்ந்தேன்.

"நீங்க ஃபெக்டரி மிஸ்தானே?" என்று அவளே கேட்டாள். "அக்காகிட்ட ஃபோட்டோ இருக்கு, நீங்கல்லாம் நிக்கிறது. உள்ள வாங்க."

"அக்கா இல்லையா?"

"அக்கா குவைத்துக்குப் போயி ஒன்றர வருசமாவுது மிஸ். ஒரு வீட்டுல வயசான அம்மாவப் பாத்துக்கிறாங்க. இங்க வேல ஒண்ணும் சரிவரல."

தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன். சுவரில் அவளுடைய கணினிப் படிப்புச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"என்னப் பத்தி அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்காமல் வர முடியவில்லை.

தங்கச்சி சிரித்தாள். "மிஸ் நல்லா வேல பழக்குனாங்கன்னு சொல்லும். வேற ஒண்ணும் சொன்னதில்லயே, ஏன் மிஸ்?"

இலக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவுக்கு ஓய்வு, அப்போது கோல் எடுங்க என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு கோல் எடுத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"தங்கச்சி சொல்லுச்சு. சொல்லுங்க மிஸ்."

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கோல் எடுத்தேன். எழுதியதை வாசிக்கவில்லை. குழுவில் எழுதியதைச் சொன்னேன். அவள் நேரில் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதைச் சொன்னேன். புதிய பிள்ளை கொண்டுவந்த குரல் பதிவையும் சொன்னேன்.  

"எனக்குத் தெரியும் மிஸ்," என்றாள்.

"எது?"

"நீங்க எழுதுனது. உங்களப் பாக்க வந்த அன்னைக்கே தெரியும். கட்டுகஸ்தோட்டையில ஒரு எடத்துல ஒரு மெடம் பாவப்பட்டு ஃபோனத் திருப்பிக் காட்டுனாங்க. வேற எங்கயும் போயி அலையாதீங்க, ஒங்க மிஸ்தான் இப்பிடி எழுதியிருக்காங்க, போயி அவங்களயே கேளுங்கன்னு. அதுக்குத்தான் வந்தேன்."

நான் எழுதி வைத்திருந்த தாளை மடித்தேன்.

"நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா கோவத்துல நாலு வார்த்த பேசிட்டுப் போயிருப்பேன் மிஸ். நீங்க இல்லன்னீங்க. என் மொகத்தப் பாத்து, இல்லன்னீங்க. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிக்கிறப்ப எனக்கே சந்தேகம் வந்திருச்சு. அந்த ஃபோன்ல நான் பாத்தது பொய்யா இருக்குமோன்னு. அப்புறம், அவரு சொல்லாமலே நாந்தான் அந்த மூணு பேருக்கும் போட்டேனோன்னு. ரொம்ப நாளு அப்பிடித்தான் இருந்தேன். நாந்தான் செஞ்சேன் போலருக்கு, எனக்குத்தான் ஞாபகம் இல்லன்னு."

அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். பின்னால் ஒரு வயதான பெண் அரபு மொழியில் ஏதோ கூப்பிட்டாள். இவள் அதே மொழியில் பதில் சொல்லிவிட்டு மறுபடி வந்தாள்.

"மன்னிச்சுருங்க," என்றேன். வேறென்ன சொல்வது?

"சரி மிஸ்."

"நான் இப்ப என்ன செய்யணும்? சேவைக் கடிதம் புதுசா எழுதித் தாறேன். வேல வேணும்னா..."

"வேல வேணாம் மிஸ். அந்த குரூப்புல என் படமும் பேரும் இன்னும் அப்பிடியே கெடக்குதில்ல? கீழ நீங்க எழுதுனதும் கெடக்கு. அழிக்க வேணாம். அதுக்குக் கீழயே, அது பொய்னு நீங்களே எழுதுங்க. எல்லாரும் பாக்குற மாதிரி." பின்னால் மறுபடி அந்த வயதான பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா கூப்பிடுறாங்க. வைக்கிறேன்."

குழுவில் பின்னோக்கித் தேடினேன். இரண்டு வருடத்து வாழ்த்துகளையும் விளம்பரங்களையும் தாண்டி, அவளுடைய படம் அங்கே இருந்தது. போகும் வழியில் வேறு முகங்களும் வந்தன. ஆண்கள், பெண்கள், கழுத்துப்பட்டி கட்டிப் படமெடுத்தவர்கள், பாடசாலைச் சான்றிதழ்ப் படத்தையே ஒட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு சொல், மூன்று சொல். எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவளுடைய படத்துக்குக் கீழே இருந்த என் பழைய செய்தியை மேற்கோள் காட்டி எழுதினேன். இவரைப் பற்றி நான் எழுதியது பொய், இவர் மீது எந்தக் குற்றமும் இல்லை, விசாரணை பிழையானது, அதை நடத்தியவளும் நான்தான், இந்த இரண்டு சொல்லால் இவர் வேலை இழந்தார் என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினேன்.

யாரும் ஒன்றும் எழுதவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஒருவர் தொழிற்சட்ட வகுப்பு ஒன்றின் விளம்பரத்தைப் போட்டார். அதற்கு நான்கு பேர் பெருவிரல் காட்டினார்கள். செயலாளர் மட்டும் தனியாக எனக்கு எழுதினார்: "ஓம். வாசிச்சன்."

தலைவர் பின்னேரம் கோல் எடுத்தார். கோபமில்லை. குரல் களைத்திருந்தது.

"மகள், நீங்க எழுதினது சரி. எழுதின எடம்தான் பிழ. இதப் புடிச்சு யாராச்சும் வழக்குப் போட்டா சங்கம் எங்க போய் நிக்கிற? முப்பது வருசமா நாங்க எல்லாரும் செஞ்சதுதானே இது. அந்தக் காலத்துல டெலிபோன்ல கேட்டோம், இப்ப இதுல கேக்கிறோம். அழிச்சிருங்க. அந்தப் புள்ளக்கி வேற மாதிரி உதவி செய்யலாம், நானே செய்றேன்."

"அவங்க கேட்டது இது ஒண்ணுதான் சேர்," என்றேன். "அழிக்கமாட்டேன்."

"நானும் எத்தன பேரச் சொல்லியிருப்பேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எழுதியதைப் படமெடுத்துக் குவைத்துக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "பாத்தேன் மிஸ்." அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

அடுத்த செயற்குழுவில் நானும் செயலாளரும் ஒரு விதி கொண்டுவந்தோம். வேலை தேடுபவர் எவருடைய பெயரையும் படத்தையும் குழுவில் போடக்கூடாது. யாராவது விசாரித்தால், எப்போதிலிருந்து எப்போது வரை, எந்தப் பதவியில் இருந்தார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும், நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. தலைவர் எங்கள் பக்கம் நின்றார். விதி நிறைவேறியது. பழைய குழுவைக் கலைத்துப் புதிதாக ஒன்று திறந்தோம். இப்போது அதில் அறிவித்தல்கள் மட்டும் வருகின்றன. சில மாதம் கழித்து செயலாளர் என்னிடம் சொன்னார், வேறொரு குழு நடக்கிறதாம், ஹோட்டல் பெண்மணிதான் நடத்துகிறாராம், எங்கள் மூன்று பேரையும் அதில் சேர்க்கவில்லையாம்.

அவள் போன வருடம் ஊர் திரும்பினாள். நுவரெலியாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருக்கிறதாம். என் சேவைக் கடிதத்தை அவள் யாரிடமும் காட்டவில்லையாம். இதெல்லாம் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். பண்டிகை வாழ்த்து அனுப்பினால் தங்கச்சி மட்டும் பதில் அனுப்புகிறாள்.

இந்த வருடம் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, தெல்தெனிய வீதியிலேயே எங்களுக்கு ஒரு வளைவு முன்னால் இருக்கும் இன்னொரு தொழிற்சாலையிலிருந்து எனக்கு ஒரு கோல் வந்தது. சங்கத்துக்குப் புதிதாகச் சேர்ந்த இளம் பெண். மிகவும் மரியாதையாகப் பேசினாள். எங்களிடம் இருந்த உற்பத்தி முகாமையாளர் அங்கே விண்ணப்பித்திருக்கிறாராம்.

"விதி தெரியும் மெடம்," என்றாள். "சும்மா ஒரு வார்த்த. ஆள் எப்பிடி?"

கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். வாய்வரை வந்தது. அவர் எப்போதும் செய்துவந்ததைச் சொல்ல என்னிடம் குரல் பதிவே இருந்தது. ஆனால் அன்று அவளைப் பற்றி எழுதியபோதும் எனக்கு எல்லாம் நிச்சயமாகத்தான் இருந்தது. விதியை எழுதியது என் கை. அவர் எந்த வருடம் வந்தார், எந்த வருடம் போனார், என்ன பதவி என்று சொன்னேன். வேறெதுவும் சொல்வதற்கில்லை என்றேன். அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு நன்றி சொன்னாள்.

அவருக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது.

தினமும் காலையில் என் பஸ் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் போகிறது. அந்த நேரத்தில் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். வரவு பதிகிற பிள்ளை அவர்களில் யாராக இருக்கும் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். பஸ் அங்கே நிற்பதில்லை. எல்லா முகங்களையும் பார்த்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிடும்.